ரெண்டாவது பேட்டரியும் சுவிட்ச் கிட்டும்: ஃபைபர் படகுக்கு வாங்கலாமா?

படகுக்கு ரெண்டாவது பேட்டரி வைக்கலாமா என்று தூத்துக்குடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் "வைங்க, நல்லதுதானே" என்பார்கள், பேட்டரிக் கடைக்காரரைக் கேட்டால் சொல்லவே வேண்டாம். என் பதில் கொஞ்சம் வேறு. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற மோட்டார், ராத்திரி கடலில் கிடக்கிற வேலை இல்லை என்றால் வேண்டவே வேண்டாம். 9.9 எச்.பி. மோட்டாரைப் பேட்டரி செத்தாலும் ரெண்டு மூணு இழுப்பில் கிளப்பிவிடலாம், அந்தப் படகில் பேட்டரி இருப்பதே ஜிபிஎஸ்சுக்கும் லைட்டுக்கும்தான்.

எங்களுடையது 40 எச்.பி. செல்ஃப் ஸ்டார்ட். பேட்டரி இறங்கிவிட்டால் மேல்மூடியைக் கழற்றி, ஃபிளைவீலில் கயிற்றைச் சுற்றி, ஆடுகிற படகில் நின்றுகொண்டு இழுக்க வேண்டும். துறைக்குள் செய்து பார்க்கலாம். சோளகக் காற்று அடிக்கிற நேரத்தில் இருட்டில் செய்வதற்கு நான் தயாரில்லை. அதனால்தான் 75 ஆம்பியர் அவர் (எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம் என்று பெருக்கிய கணக்கு) டீப் சைக்கிள் பேட்டரி, அதாவது மெதுவாக நிறையக் கறந்தாலும் தாங்குகிற பேட்டரி ஒன்றும், "1, 2, ரெண்டும், ஆஃப்" என்று நாலு நிலை உள்ள திருகு சுவிட்சும், ரெண்டு பேட்டரியையும் தானாகச் சேர்த்துப் பிரிக்கிற ரிலேயும் அடங்கிய கிட் ஒன்றும் வாங்கினேன். கிட்டுக்கு நாலாயிரம் சொச்சம் ஆனது. பெயர் போடவில்லை, ஒரே சரக்குதான் நாலைந்து பெயரில் விற்கிறது.

வாங்குவதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள், பலர் இதைத்தான் செய்வதில்லை. வலையை விட்டுவிட்டு மோட்டாரை நிறுத்திக் கிடக்கும்போது ஜிபிஎஸ்சும் ஆழம் காட்டுகிற எக்கோ சவுண்டரும் சேர்ந்து ஓர் ஆம்பியர், மைக் (வயர்லெஸ்) கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் அரை ஆம்பியர் (பேசும்போது அஞ்சு ஆம்பியர் வரை இழுக்கும், ஆனால் யாரும் மணிக்கணக்கில் பேசப்போவதில்லை, எங்கள் அண்ணனைத் தவிர), எல்இடி லைட்டுகள் ஒன்றரை, செல்போன் சார்ஜ் ஓர் ஆம்பியர். மொத்தம் நாலு. ராத்திரி ஏழிலிருந்து விடிகாலை நாலு வரை என்றால் 36 ஆம்பியர் அவர் போய்விடும். சாதாரண ஈய பேட்டரி 60 ஆம்பியர் அவர் என்று எழுதியிருந்தாலும் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், அதுவும் ஸ்டார்ட் செய்வதற்கென்று வரும் பேட்டரியில் தகடுகள் மெல்லியவை, சட்டென்று நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளும், ஆனால் மெதுவாக ஒட்ட ஒட்டக் கறந்தால் சீக்கிரம் கெட்டுவிடும். ஒரு சின்ன வோல்ட் மீட்டர் போதும்: லோடு இல்லாமல் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால் 12.6க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் கிட்டத்தட்ட காலி.

இந்தக் கணக்கில் எங்கள் படகுக்கு ரெண்டாவது பேட்டரி தேவைதான் என்று தெரிந்தது. ஆனால் அடுத்த கேள்வியை விற்கிறவர் கேட்கவே மாட்டார்: போன 36 எப்படித் திரும்ப வரும்? இந்த அளவு ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாரில் சார்ஜிங் 17, 18 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள், அது வேகமாக ஓடும்போது. அதிலிருந்து மோட்டாரின் பெட்ரோல் பம்பும் இன்ஜெக்ஷனும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, ஜிபிஎஸ், லைட்டு எல்லாம் போக, மிஞ்சுவது எட்டோ பத்தோதான். கரைக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம் என்றால் பதினஞ்சு ஆம்பியர் அவர்கூடத் தேறாது. தினமும் இருபதுக்கு மேல் பற்றாக்குறை. எங்கள் எலக்ட்ரீசியன் தம்பி ஒரே வரியில் சொன்னான்: "ரெண்டு போட்டா ரெண்டும் சேர்ந்துதாண்ணே சாகும்."

ஆகவே 100 வாட் சோலார் பேனல் ஒன்றும் சார்ஜ் கன்ட்ரோலரும் சேர்த்தோம். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நாளில் 25 ஆம்பியர் அவருக்குக் குறையாமல் கொடுக்கிறது, மழை மூடிய கார்த்திகை நாட்களை விட்டுவிடுங்கள். உண்மையில் காசு கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் பேனலை வாங்குங்கள், பேட்டரியை அப்புறம் பார்க்கலாம்.

சரி, கிட்டுக்கு வருவோம். சுவிட்ச் அருமை. கனமான செம்பு, திருப்பும்போது "டக்" என்று உட்காருகிறது, நனைந்த கையிலும் வழுக்கவில்லை. ராத்திரி முழுக்க 2இல் வைத்துக் கறப்போம், காலையில் 1க்குத் திருப்பி ஸ்டார்ட் செய்வோம், முதல் பேட்டரி எப்போதும் 12.6க்குக் கீழே போனதில்லை. மோட்டார் ஓடும்போது மட்டும் தப்பித்தவறி ஆஃபுக்குத் திருப்பிவிடக் கூடாது, சார்ஜ் போக வழியில்லாமல், மோட்டாரின் கரன்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றுகிற ரெக்டிஃபயர் அடிபடும். படகில் ஏறுகிற எல்லாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

ரிலேதான் சுமார். மோட்டார் ஓடி முதல் பேட்டரி 13.3 வோல்ட் தொட்டால் ரெண்டையும் சேர்க்கும், 12.8க்கு இறங்கினால் பிரிக்கும். யோசனை நல்லதுதான். ஆனால் ரெண்டாவது பேட்டரி நல்லா இறங்கியிருக்கும்போது சேர்த்தவுடன் வோல்ட் தொப்பென்று விழுகிறது, உடனே பிரிகிறது, மறுபடி ஏறுகிறது, மறுபடி சேர்கிறது. விடிகாலையில் பத்து நிமிஷத்துக்கு "டிக், டிக்" என்று அடித்துக்கொண்டே வரும். பேனல் வைத்த பிறகு நான் ரிலேயைக் கழற்றிப் போட்டுவிட்டேன்.

படுமோசம் என்றால் கூட வந்த வயர்தான். டின் பூச்சு இல்லாத வெறும் செம்பு. ஒரு சீசன் முடிவதற்குள் லக் (வயர் முனையில் மாட்டுகிற வளையம்) ஓரத்தில் உறையைக் கீறிப் பார்த்தால் ரெண்டு விரல் நீளத்துக்கு உள்ளே பச்சை பூத்து, மேலே உள்ள இழைகள் தொட்டாலே உதிர்ந்தன. டெர்மினலுக்குக் கொடுத்த சிறகு நட்டும் அதிர்வில் தளர்கிறது, நைலான் உள்ள லாக் நட் போடுங்கள். ஃபியூஸும் கிட்டில் இல்லை, பேட்டரிக்கு ஒட்டியே ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

லித்தியம் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: எடை பாதிக்கும் கீழே, கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவையும் கறக்கலாம், லைட்டு பேட்டரிக்கு நல்லதுதான். ஆனால் அவுட்போர்டின் சார்ஜிங்கோடு நேரடியாக இணைக்காமல் சோலாரில் மட்டும் ஏற்றுங்கள், ஸ்டார்ட் செய்ய ஈய பேட்டரியே இருக்கட்டும்.

கிட்டை வாங்கினால் வயரை அங்கேயே திருப்பிக் கொடுத்துக் காசைக் கழிக்கச் சொல்லுங்கள். முனகுவார்கள், ஆனால் கழிக்கிறார்கள். பக்கத்துப் படகுக்காரருக்கு இருநூறு ரூபாய் குறைத்தார்கள்.