ஆங்கரேஜிலிருந்து வல்டீஸ் வரை: வாடகைக் கார்ப் பயணம் பற்றிய மதிப்புரை

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் வாடகைக்கு எடுத்த காரில், கிளென் நெடுஞ்சாலை வழியே கிளெனலன் வரை கிழக்கே சென்று, அங்கிருந்து ரிச்சர்ட்சன் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பி, கடலோர ஊரான வல்டீஸை ஜூலை மாதத்தில் அடைந்தோம். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 300 மைல், அதாவது 480 கி.மீ. ஒரே நாளில் ஓட்டி முடிக்கலாம் என்று கார் நிறுவனத்தார் சொன்னார்கள். முடியும்தான், ஆனால் அப்படிச் செய்பவர்கள் கடைசி 50 கி.மீ.யைக் களைத்த கண்களோடு கடக்க நேரும், இந்தப் பயணத்தின் மதிப்பு முழுவதும் அந்த 50 கி.மீ.யில்தான் இருக்கிறது.

முதல் பாதியில் மட்டானுஸ்கா பனியாறு சாலையிலிருந்தே தெரிகிறது. கிளெனலனில் பெட்ரோல் நிரப்பிக்கொள்வது நல்லது. வழியில் பல இடங்களில் கைப்பேசிச் சமிக்ஞையும் கிடைப்பதில்லை. தெற்கே திரும்பியபின் அலாஸ்காவின் வடகோடியிலிருந்து வல்டீஸ் வரை எண்ணெய் கொண்டுவரும், 1977-இல் செயல்படத் தொடங்கிய குழாய் அவ்வப்போது துணைக்கு வருகிறது. சூடான எண்ணெய் உறைநிலத்தை, அதாவது ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலத்தை, இளக்கிவிடும் என்பதால், பல இடங்களில் அதைத் தூண்கள்மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

வொர்த்திங்டன் பனியாற்றுக்கு மலையேற வேண்டியதில்லை. வண்டியை நிறுத்திவிட்டுச் சிறிது தூரம் நடந்தால் நீலம் பாரித்த பனி எதிரே நிற்கிறது, முன்பு இருந்த இடத்திலிருந்து அது வெகுவாகப் பின்வாங்கிவிட்டது என்றாலும். அடுத்து வரும் தாம்ஸன் கணவாயின் உயரம் 2,678 அடி மட்டுமே. ஆயினும் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலைகளில் மோதி மேலெழுவதால், 1952-53 குளிர்காலத்தில் இங்கு 974 அங்குலம், ஏறத்தாழ 25 மீட்டர், பனி பொழிந்ததாகப் பதிவு உள்ளது. பனியகற்றும் வண்டிகளுக்குச் சாலையின் விளிம்பைக் காட்ட நட்டிருக்கும் நெடிய கம்பங்களைக் கோடையில் பார்க்கும்போதுதான் அந்த எண் மனத்தில் உறைக்கிறது. கணவாயிலிருந்து இறங்கினால் கீஸ்டோன் பள்ளத்தாக்கு: சாலையோரத்திலேயே விழும் அருவிகள், இருப்புப்பாதை அமைக்க நிறுவனங்கள் போட்டியிட்ட காலத்தில் பாதியில் கைவிடப்பட்ட ஒரு சுரங்கவழி. இங்கு மட்டும் இரண்டு மணி நேரம் செலவிட்டோம், அதுவும் போதவில்லை.

மைல்கற்கள் ஊருக்கு வெளியே ஓரிடத்தில் பூச்சியத்தை அடைவது முதலில் குழப்பியது. 1964 மார்ச் 27 அன்று ஏற்பட்ட 9.2 அளவு நிலநடுக்கத்தில் பழைய வல்டீஸ் அழிந்தபின், ஊரைச் சில மைல் தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். மைல்கற்களோ இன்றும் பழைய ஊரிலிருந்தே எண்ணுகின்றன.

மறுநாள் கொலம்பியா பனியாற்றுக்குப் படகில் சென்றோம். மிதக்கும் பனிக்கட்டிகள் எவ்வளவு நெருங்க விடுகின்றனவோ அவ்வளவுதான் படகு செல்லும் என்பதால், பனிமுகப்பை அருகில் காண்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1989-இல் எக்ஸான் வல்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் இப்பனியாற்றின் கட்டிகளைத் தவிர்க்க வழி விலகிச் சென்றுதான் பிளை பாறைத்திட்டில் மோதியது. எங்களுக்கும் முகப்பு தொலைவிலேயே நின்றுவிட்டது; கட்டிகளின்மேல் படுத்திருந்த கடல்நாய்கள் அந்தக் குறையைப் பெரிதும் தீர்த்தன.

கார் நிறுவனத்தைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல இயலவில்லை. வண்டி புதியது, மலையேற்றத்தில் திணறவில்லை. ஆனால் வழியில் பிரிந்து மெக்கார்த்தி செல்லும் சரளைச் சாலைக்கு அந்தக் காரைக் கொண்டு போகக் கூடாது என்ற நிபந்தனையை, பணம் கட்டி முடித்தபின், சாவியைக் கொடுக்கும்போதுதான் சொன்னார்கள். சரளைத் தெறிப்பால் முன்கண்ணாடியில் கீறல் விழுவது இம்மாநிலத்தில் அன்றாட நிகழ்வு. இருந்தும் எங்கள் வண்டியில் முன்பே இருந்த ஒரு கீறலை அவர்கள் குறித்து வைக்கவில்லை. புறப்படுமுன் எடுத்த ஒளிப்படத்தைக் காட்டிய பிறகே அதற்கான கட்டணத்தை நீக்கினார்கள்.