கில்னில் காய்ந்த தேக்கு, கன அடி 3,200 ரூபாய்: மலிவு எங்கே போய் முடிந்தது

ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசையும், பலகைக் கால் வைத்த ஒரு பெஞ்சும் வீட்டுப் பட்டறையில் செய்ய வாங்கிய மரம் இது. மரவாடியில் வாய்மொழியாகச் சொன்னது மூன்று: நாட்டுத் தேக்கு, முழு வைரம் (மரத்தின் உள்கட்டையான கெட்டி மரம்), கில்னில், அதாவது சூடேற்றும் உலர்த்தும் அறையில், காய்ந்தது. கன அடி 3,200. இன்னொரு வாடியில் 4,200 சொல்லி, "டேப்பை நீங்களே போட்டுப் பார்த்து எடுத்துக்கோங்க" என்றார்கள். ஆயிரம் ரூபாய் வித்தியாசம் கண்ணை மறைத்தது. மூன்றில் தேக்கு என்பது மட்டும்தான் உண்மை.

துண்டுத் தாளில் எழுதியிருந்த கணக்கு: 6 அங்குல அகலம், 1½ அங்குல கனம், 7 அடி நீளத்தில் பலகை 14. மூன்றுக்கு மூன்று அங்குலச் சட்டம், 5 அடியில் 2. அறுத்த மரத்துக்கு அகல அங்குலத்தையும் கன அங்குலத்தையும் நீள அடியையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. பலகை ஒன்று 0.4375, பதினான்கும் சேர்ந்து 6.125. சட்டம் இரண்டும் 0.625. மொத்தம் 6.75 கன அடி, 21,600 ரூபாய். பெருக்கலில் தப்பே கிடையாது. தப்பு பெருக்கிய எண்களில்.

பட்டறையில் இறக்கி டேப் வைத்தால் பலகையின் அகலம் 5¾, கனம் 1¼. சட்டம் 2¾-க்கு 2¾. கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் 1½ அங்குலத்தில் கால் அங்குலம் என்பது ஆறில் ஒரு பங்கு. இந்த அளவில் ஒரு பலகை 0.35 கன அடி கூட வராது. எல்லாம் சேர்த்து வந்து இறங்கியது 5.42 கன அடி. பில் போட்டதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மரம் பட்டறைக்கு வரவே இல்லை. இப்போதே கன அடி விலை 3,988 ஆகிவிட்டது.

கேட்டால் வரும் பதில், "அறுவைச் சேதாரம் சார், எல்லா வாடியிலும் இப்படித்தான்." பாதி உண்மை. பேண்ட் சா வாள் ஓடும் இடத்தில் 2, 3 மி.மீ. தூளாகப் போகும். அந்த அளவு குறைந்தால் யாரும் சண்டைக்குப் போகமாட்டார்கள். இங்கே குறைந்தது 6 மி.மீ.-க்கு மேல். அது வாள் தின்றதில்லை. 1¼ என்றே அறுத்துவிட்டு 1½ என்று எழுதுவது.

பணத்தைவிட இதில் பெரிய நஷ்டம் வேலையில். 1½ அங்குலம் என்றால் 38 மி.மீ.; முறுக்கு, கோணல் எடுத்து இரு முகமும் இழைத்த பிறகு 32 மி.மீ. தேறும், மேசைப் பலகைக்கு அது நல்ல கனம். 32-இல் ஆரம்பித்தால் 25, 26-தான் மிஞ்சும். வரைபடத்தை மாற்ற வேண்டும், சுற்றுச் சட்டத்தின் உயரத்தையும் மாற்ற வேண்டும். மூன்றங்குலக் காலுக்கென்று குறித்த கழுந்து (காலின் துளைக்குள் இறங்கும் சட்ட முனை) 2¾ அங்குலக் காலில் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து உள்ளே ஒன்றையொன்று முட்டும். முனையை 45 டிகிரியில் சீவினால்தான் உட்காரும்.

அடுத்தது வெள்ளை. தேக்கில் வைரம்தான் பல்லாண்டு நிற்கும். வெளிச்சுற்றில் இருக்கும் வெளிர் மரம்தான் வெள்ளை; அதில் மாவுச்சத்து உண்டு, உளு வண்டு அதைத்தான் தேடி வரும். தேக்கைக் கரையான் தொடாது, வண்டு தொடாது என்பதெல்லாம் வைரத்துக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. 14 பலகையில் ஐந்தில் ஓரமாக ஒன்று முதல் ஒன்றரை அங்குலம்வரை வெள்ளை. வாடியில் கண்ணில் படாததற்குக் காரணம், பலகை முழுக்கக் காவியும் எண்ணெயும் கலந்து துடைத்து ஒரே நிறமாக்கியிருந்தார்கள். தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பாருங்கள் என்று பலரும் சொல்வார்கள், அது பாதிச் சோதனைதான். நல்ல வைரத்தைத் துடைத்தாலும் பஞ்சில் மஞ்சள் கலந்த பழுப்பு ஏறும், அது மரத்தின் சொந்தச் சாறு. சந்தேகமில்லாத சோதனை இழைப்புளி. ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நாலு இழைப்பு இழையுங்கள். பூசிய நிறம் முதல் சுருளோடு போய்விடும், வைரத்தின் நிறம் எத்தனை இழைத்தாலும் போகாது. புதிதாக இழைத்த தேக்கு முதலில் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும், வெளிச்சம் பட்டு சில நாளில் ஒன்றுபோல் பொன்னிறத்துக்கு வரும். அந்தத் திட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதலிலிருந்தே முழுக்க ஒரே நிறத்தில் பளபளக்கும் பலகையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அந்த எண்ணெய் செய்யும் இன்னொரு கெடுதல் பாலிஷ் நேரத்தில் தெரியும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, பசை போடும் முன் ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்து அரை மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுவது வழக்கம். மேலே டீசலோ பழைய மெஷின் ஆயிலோ ஊறியிருந்தால் துடைப்பது போதாது, ஒரு மி.மீ.-க்கு மேல் இழைத்துத் தள்ள வேண்டும். மிச்சம் இருந்தால் லாக்கர் பூச்சு அடித்ததும் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். அதன்மேல் எத்தனை கோட் அடித்தாலும் மறையாது. சுரண்டி எடுத்து, மெழுகு நீக்கிய அரக்கு பாலிஷ் ஒரு கோட் அடைப்பாகக் கொடுத்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

வெள்ளையை அறுத்துத் தள்ளியதில் 0.38 கன அடி. இன்னொரு பலகையில் மரத்தின் நடுத்தண்டு நீளவாக்கில் ஓடியது. தண்டுள்ள பலகை காயும்போது அந்தக் கோட்டிலேயே வெடிக்கும், மேசை முகத்துக்கு ஆகாது, அது ஒரு 0.35. மிஞ்சியது 4.69 கன அடி. 21,600-ஐ வகுத்துப் பாருங்கள், 4,600 சொச்சம். 4,200 சொன்ன வாடி மலிவு. ஈரத்தை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஈரம் விஷயத்தில்தான் ஏமாறுவது எளிது, ஏனென்றால் அங்கே ஒரு கருவி சாட்சிக்கு நிற்கிறது. வாடிக்காரரே இரண்டு ஊசி மீட்டரை எடுத்துப் பலகையின் முகத்தில் குத்திக் காட்டினார், 13 சதவீதம். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஊசி இறங்குவது ஐந்து மி.மீ. மேல்தோலை நாலு நாள் வெயிலில் போட்டாலே அந்த எண் வந்துவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். பலகையின் முனையிலும் குத்தக் கூடாது, நுனி எப்போதும் முதலில் காயும். நுனியிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி உள்ளே தள்ளி ஒரு பலகையைக் குறுக்கே வெட்டச் சொல்லி, புதிதாகத் திறந்த குறுக்கு முகத்தின் நட்டநடுவில் குத்த வேண்டும். வெட்டிய பலகைக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிடுங்கள், அது போனாலும் லாபம்தான்.

எங்கள் பலகையில் அப்படி வெட்டிய ஓரங்குலத் துண்டு 86 கிராம். 103 டிகிரி அடுப்பில் வைத்து எடை மேலும் குறையாத வரை காய்ச்சியபின் 70 கிராம். போன தண்ணீர் 16, அதை 70-ஆல் வகுத்தால் 23 சதவீதம். கில்னிலிருந்து வந்த மரம் இந்த எண்ணைத் தராது. வீட்டுக்குள் வைக்கும் மரச்சாமானுக்கு 12-ஐ ஒட்டி இருக்க வேண்டும். வீட்டு ஓடிஜி அடுப்பில் இதைச் செய்யலாம், சூட்டை மட்டும் 105-க்கு மேல் ஏற்றாதீர்கள்; கருகினால் கணக்கு கெடும்.

23-க்கும் 12-க்கும் இடையில் என்ன நடக்கும் என்றால், தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகச் சுருங்கும் ஜாதிதான், ஆனாலும் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது மரத்தின் ஆண்டு வளையக்கோட்டை ஒட்டிய திசையில் ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அதற்குக் குறுக்கே ஆரத் திசையில் அதில் பாதி சுருங்கும். படுக்கை அறுவைப் பலகையில் (அகலம் வளையக்கோட்டை ஒட்டி வரும்படி அறுத்தது) மூன்றடி அகல மேசை முகம் ஒட்டினால், 11 சதவீத ஈரம் வெளியேறும்போது கிட்டத்தட்ட 17, 18 மி.மீ. உள்ளே போகும். ஏறக்குறைய முக்கால் அங்குலம். கீழே சட்டத்தில் நேராக ஸ்க்ரூ முடுக்கியிருந்தால் மரம் நகர வழியில்லாமல் நடுவில் பிளக்கும். நீள்துளை போட்டு வாஷரோடு முடுக்குவதும், மரப் பட்டன் (மேசை முகத்தை நகரவிட்டுச் சட்டத்தோடு பிடிக்கும் சிறு மரத்துண்டு) வைப்பதும் மழைக்காலத்துக்கும் வெயில்காலத்துக்கும் நடுவே வரும் சில மி.மீ. அசைவுக்குத்தான். முக்கால் அங்குலத்தை எந்தப் பட்டனும் தாங்காது. காலில் கழுந்து தளரும், இழுப்பறை இருந்தால் முதலில் இறுகிப் பிறகு ஆடும். பச்சை மரத்தில் பியூ (பாலியூரித்தேன் பூச்சு) அடித்தால் அதுவும் நெடுநாள் நிற்காது, பலகை இணைப்புகள் மேல் மயிரிழைக் கோடு விழும்.

இந்த நிலையில் மரம் கைக்கு வந்துவிட்டால் உடனே இழைக்காதீர்கள். முனைகளில் உருக்கிய மெழுகோ மிச்ச எனாமல் பெயின்டோ கெட்டியாகப் பூசி, தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, முக்கால் அங்குல ரீப்பர் துண்டுகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, ஒன்றின் நேர்மேலே ஒன்று வருமாறு வைத்து அட்டியாக அடுக்குங்கள். மேலே கல்லோ சிமென்ட் பலகையோ பாரமாக. நிழல் வேண்டும், காற்று வேண்டும், ஃபேன் காற்றை நேரே அடிக்க வேண்டாம். ஒரு பலகையை மட்டும் வாரம் ஒருமுறை எடை போடுங்கள். 23 சதவீதத்தில் 7.1 கிலோ இருக்கும் பலகை, 12-க்கு வரும்போது 7.1 பெருக்கல் 112, வகுத்தல் 123, அதாவது 6.46 கிலோ இருக்க வேண்டும். மீட்டரைவிட இந்தத் தராசு நம்பகமானது. இந்தக் கனத்துக்கு மூன்று, நான்கு மாதம் ஆகும், நடுவில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் இன்னும் கூடும்.

மரவாடிக்குப் போகும்போது சொந்த டேப் எடுத்துப் போங்கள். கடை டேப்பில் முனைக் கொக்கி வளைந்திருந்தாலே ஒவ்வொரு துண்டிலும் சில மி.மீ. அவர்களுக்கு. கனத்தை மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்ததைக் கணக்குக்கு எடுங்கள். 6 அடி 10 அங்குலத்தை 7 அடி ஆக்க விடாதீர்கள். பொறுக்கிய பலகையின் இரண்டு முனையிலும் சொந்தக் கையெழுத்தைக் கிரேயானில் போட்டு, அட்டியோடு போட்டோ எடுங்கள், வண்டியில் ஏற்றும்போது பலகை மாறுவது சர்வ சாதாரணம். அறுக்காத உருட்டுத் தடியாக வாங்குகிறவர்களுக்கு வேறு கணக்கு: சுற்றளவு அங்குலத்தை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீள அடியால் பெருக்கி, 144-ஆல் வகுப்பது. 48 அங்குலச் சுற்றளவு, 10 அடித் தடி 10 கன அடி. இது உருளையின் உண்மைக் கன அளவில் 78.5 சதவீதம்தான், அறுவையில் போவதற்கு வைத்த கழிவு. ஆனால் மெலிந்த தடியில் வெள்ளையும் போனால் பாதிகூடத் தேறாது. தடி விலையையும் அறுத்த பலகை விலையையும் ஒப்பிட்டு மலிவு என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

"பர்மா தேக்கு, போன மாசம்தான் தடி இறங்குச்சு" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுத் தடி ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. அறுத்த மரமாக வந்தது என்று சொன்னால் அதற்கான காகிதத்தைக் கேளுங்கள். ஆப்பிரிக்க, தென் அமெரிக்கத் தோட்டத் தேக்கு மோசமானதல்ல. அதை அதன் பெயரிலேயே விற்றால் சரி.

பில்லில் இருக்க வேண்டியவை: ஜிஎஸ்டி எண், மரத்தின் பெயர், ஒவ்வொரு துண்டின் அளந்த அளவு, வைரம் என்ற சொல், ஈரம் எத்தனை சதவீதத்துக்குள் என்ற எண். சட்டப்படி விலையைக் கன மீட்டரில் சொல்ல வேண்டும், ஒரு கன மீட்டர் 35.315 கன அடி. அதைக் கடைப்பிடிக்கும் வாடியை விரல் விட்டு எண்ணலாம். அளவு மோசடிக்குப் புகார் கொடுக்க வேண்டிய இடம் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு என்றால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், ஐந்து லட்சம்வரை கட்டணம் இல்லை.

இந்த வாடியில் கொடுத்தது "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட வெள்ளைத் தாள், அதில் கடைப் பெயரே கிடையாது. அடுப்பில் காய்ச்சிய எடையையும் டேப் வைத்த போட்டோக்களையும் காட்டிய பிறகு தண்டு ஓடிய பலகை ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்ததும் 1¼ கனம்தான்.