அட்லாண்டிக் சிட்டி: கடலுக்காகப் போங்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், நயாகராவும் வாஷிங்டனும் காட்டி முடித்த பிறகு நியூ ஜெர்சியில் எடிசன் பக்கத்து வீடுகளில் அடுத்ததாக அடிபடும் பெயர், அதே மாநிலத்தின் கடற்கரைச் சூதாட்ட ஊரான அட்லாண்டிக் சிட்டி. தாராளமாகப் போகலாம். கடலுக்கும், போர்டுவாக் என்ற மரப்பலகை நடைபாதைக்கும் ஐந்துக்கு ஐந்து. கேசினோக்களுக்கு நான் தருவது இரண்டு.

முதலில் நல்லது. நியூ ஜெர்சிக் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் மணலில் கால் வைக்கவே காசு கொடுத்து பேட்ஜ் வாங்க வேண்டும். இங்கே இலவசம். 1870-இல் தொடங்கிய மரப்பலகை நடைபாதை கடலை ஒட்டியே மைல் கணக்கில் போகிறது. என் மாமியாருக்கு முழங்கால் வலி. அங்கே ஆள் தள்ளும் உருட்டு நாற்காலி கிடைக்கும். வெயிலுக்கு மேற்கூரையும் உண்டு. ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். எங்களைத் தள்ளி வந்தவர் வங்காளதேசத்துக்காரர், முன்பு கேசினோவில் சீட்டுப் போடும் டீலர். "ஒரே வருஷத்தில் நாலு மூடினாங்க, அதில் என்னோடதும் ஒண்ணு" என்று, போகிற வழியில் கட்டடம் கட்டடமாகக் காட்டிக்கொண்டே வந்தார்.

அவர் சொன்னது 2014. அட்லாண்டிக் கிளப், ஷோபோட், ரெவல், டிரம்ப் பிளாசா என்று நான்கும் அந்த ஒரே வருடத்தில் மூடின. ஏறத்தாழ 8,000 பேருக்கு வேலை போனது. ரெவல் கட்ட ஆன செலவு 240 கோடி டாலர். இரண்டே வருடத்தில் மூடி, கடைசியில் 8.2 கோடிக்குக் கைமாறியது. இப்போது அது ஓஷன் என்ற பெயரில் நடக்கிறது. 2016-இல் மூடிய டிரம்ப் தாஜ் மஹால்தான் இன்றைய ஹார்ட் ராக். பிளாசாவை 2021-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

1978-இல் இங்கே முதல் கேசினோ திறந்தபோது, சட்டப்படி கேசினோவில் ஆட நெவாடா மாநிலத்தை விட்டால் நாட்டில் வேறு இடம் கிடையாது. அந்தத் தனியுரிமைதான் ஊரின் மூலதனம். 2006-இல் வசூல் 520 கோடி டாலரைத் தொட்டது. அந்த வருடக் கடைசியில் பென்சில்வேனியாவிலும் கேசினோ திறந்தார்கள். பிறகு நியூயார்க்கிலும் வந்தது. பஸ் பிடித்து வந்த பெரியவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே சூதாட்ட மெஷின் கிடைத்துவிட்டது. 2013-இலிருந்து நியூ ஜெர்சியில் போனிலேயே ஆடலாம். 2006-க்குப் பிறகு பத்து வருடத்துக்குள் இந்த ஊர்க் கேசினோ வசூல் பாதியாகிவிட்டது.

எனக்கு ஆற்றாமை வேறு விஷயத்தில்தான். அத்தனை காசு புரண்ட காலத்திலும் ஊருக்கு என்ன மிஞ்சியது? போர்டுவாக்கிலிருந்து நாலு தெரு உள்ளே நடந்து பாருங்கள்: காலி மனைகள், பலகை அடித்த வீடுகள். பல வருடங்களாக ஒரு முழு சூப்பர் மார்க்கெட் கூட இல்லாத ஊர் இது. பெரும்பாலான கேசினோக்களுக்கு ஜன்னலும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. வந்தவன் வெளியே போய் ஒரு கடையில் சாப்பிட்டுவிடக் கூடாது என்றே கட்டியிருக்கிறார்கள்.

நாங்கள் தங்கிய கேசினோ ஹோட்டலின் பெயர் வேண்டாம். கார் நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்டுக்குப் போக ஆட்டக்கூடத்தின் நடுவே குழந்தைகளோடு பெட்டியை உருட்ட வேண்டியிருந்தது. ஒரே சிகரெட் புகை. 2006-இன் புகைத்தடைச் சட்டத்தில் கேசினோவுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள்; அதை நீக்கச் சொல்லி ஊழியர்களே போராடுகிறார்கள். அறை வாடகைக்கு மேல் "ரிசார்ட் ஃபீஸ்" தனி. முன்பதிவில் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

குழந்தைகள் இருந்தால் ஷோபோட் பாருங்கள். கேசினோவே இல்லாமல் ஹோட்டலாகத் திரும்பத் திறந்து, 2023-இல் உள்ளரங்க நீர்ப்பூங்காவும் சேர்த்திருக்கிறார்கள். குளிர்காலத்திலும் நனையலாம். சாப்பாட்டுக்கு ஆர்க்டிக் அவென்யூவில் ஒயிட் ஹவுஸ் சப்ஸ், 1946-இலிருந்து இருக்கிற கடை. பாதி சாண்ட்விச்சே இரண்டு பேருக்குக் காணும். செப்டம்பரில், முதல் திங்களன்று வரும் லேபர் டே விடுமுறை கழிந்த வார நாளாகப் பார்த்துப் போங்கள். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும்.