மெயின் சுவிட்சை இறக்கும் ஊரில் எந்த ஷெடியூலர்?

யாழ்ப்பாணத்தில் கடை பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். இடி மின்னலுக்குப் பயந்த நல்ல பழக்கம்தான். ஆனால் பில் போடும் கொம்பியூட்டரில் "இரவு 2 மணிக்கு பெக்கப்" என்று யாராவது எழுதி வைத்திருந்தால், அந்த 2 மணி அந்தக் கொம்பியூட்டருக்கு வரவே வராது.

இப்படி வேலைகளைத் தானாக ஓட்டும் நிரலைத்தான் ஷெடியூலர் என்கிறோம். குறித்த நேரத்தில் ஒரு வேலையை ஓட்ட எல்லா ஷெடியூலருக்கும் தெரியும். ஓட முடியாமல் போன வேலையை அது என்ன செய்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

யுனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களின் பழைய ஷெடியூலரான கிரொன் ஒன்றும் செய்யாது. 1970களில் யுனிக்ஸில் பிறந்தது; இன்று லினக்ஸில் நாம் பாவிப்பது பெரும்பாலும் போல் விக்ஸி 1987இல் எழுதியதன் வழிவந்தது. இரவு பகல் அணையாத இயந்திரங்களுக்காக வந்ததால், நேரம் தவறினால் தவறியதுதான். எழுதுவது மட்டும் மிகச் சுலபம்: 0 2 * * * என்று போட்டுப் பக்கத்தில் கட்டளையை எழுதினால் முடிந்தது. நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை என்பது வரிசை; * என்றால் எதுவானாலும் சரி. இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. 0 8 1 * 1 என்றால் 1ஆம் திகதி திங்களாக வந்தால் மட்டும் ஓடும் என்று நினைப்போம். ஒவ்வொரு 1ஆம் திகதியும் ஓடும், ஒவ்வொரு திங்களும் ஓடும். பெக்கப் கோப்பின் பெயரில் திகதி வரட்டும் என்று % குறி போட்டாலும் சிக்கல்: முன்னால் பின்சாய்கோடு இல்லாவிட்டால் கட்டளை அந்த இடத்திலேயே அறுந்துவிடும். கையால் ஓட்டிப் பார்த்தால் சரியாக ஓடும், கிரொனில் மட்டும் ஓடாது.

இதற்கு மருந்தாக வந்தது அனக்ரொன். கடைசியாக எப்போது ஓடியது என்று குறித்து வைத்து, கொம்பியூட்டர் எழும்பியதும் விடுபட்டதை ஓட்டும். ஆனால் அதன் கணக்கு நாள்தான். மணிக்கணக்கு அதற்குத் தெரியாது. தினமும் ஒரு பெக்கப் போதும் என்றால் சரி, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

லினக்ஸ் வைத்திருக்கும் கடைக்கோ வீட்டுக்கோ நான் சொல்வது சிஸ்டம்டி டைமர், இன்றைய பெரும்பாலான லினக்ஸோடு கூடவே வரும் ஷெடியூலர். ஒரு வேலைக்கு இரண்டு கோப்பு எழுத வேண்டும், அது அலுப்புத்தான். கிரொனில் ஒரு வரியில் முடிகிற காரியத்துக்கு இங்கே பத்து வரி. ஆனாலும் பெர்சிஸ்டென்ட் என்ற வரியில் ட்ரூ என்று போட்டுவிட்டால், இரவு தவறிய வேலை காலையில் கடை திறந்து சுவிட்சைப் போட்டதும் ஓடும். மூன்று நாள் பூட்டிக் கிடந்தாலும் மூன்று தரம் ஓடாது, ஒரு தரம்தான். முதல் பெக்கப் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தால் அதன்மேல் இன்னொன்றைத் தொடங்காது. கிரொனோ யோசிக்காமல் இரண்டாவதையும் கிளப்பிவிடும். வேலை ஏன் தோற்றது என்ற லொக்கும் (பதிவும்) ஒரே இடத்தில் கிடைக்கும். அந்தப் பத்து வரிக்கு இவ்வளவும் போதாதா?

ஆனால் ஊரில் பெரும்பாலான கடைகளில் இருப்பது விண்டோஸ். அதன் டாஸ்க் ஷெடியூலரைக் குறைவாக நினைக்க வேண்டாம். தவறிய வேலையைப் பிறகு ஓட்டும் வசதி அதிலும் உண்டு, செட்டிங்ஸ் பக்கத்தில். ஆனால் அந்தப் பெட்டியில் டிக் போடாமல்தான் வரும், நாமே தேடிப் போட வேண்டும். கண்டிஷன்ஸ் பக்கத்தில் நிலைமை தலைகீழ். மெயின் கரண்டில் இருந்தால் மட்டும் தொடங்கு, பற்றரிக்கு மாறினால் நிறுத்து என்ற இரண்டுக்கும் முன்கூட்டியே டிக் போட்டிருக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள். அப்படியான நாட்களில் லப்டொப்பில் கணக்குப் பார்க்கிறவரின் பெக்கப் எத்தனை தரம் பாதியில் நின்றிருக்கும்! யூஎஸ்பி வயரால் இணைத்த யூபிஎஸ்ஸையும் விண்டோஸ் பற்றரி என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டு டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஸ்டார்ட் இன் பெட்டியையும் வெறுமையாக விடக்கூடாது. விட்டால் நிரல் உங்கள் கோப்புகளை விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் தேடிக்கொண்டிருக்கும்.

வாடகைக்கு எடுத்து வெளிநாட்டில் ஓடும் சேர்வருக்கு மட்டும் நான் கிரொனோடு நிற்பேன். அது அணைவதில்லை, தவறிய வேலை பற்றிய பேச்சே இல்லை. அங்கே பார்க்க வேண்டியது மணிக்கூட்டை. பல சேர்வர்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் வரும், நாம் அதற்கு 5:30 மணி முன்னால். 1996இல் இலங்கை நேரத்தை இரண்டு தரம் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் பழைய 5:30க்குத் திரும்பினார்கள். அதன்பிறகு மாற்றம் இல்லை, கோடைகால நேரம் என்ற தொல்லையும் இங்கே இல்லை. ஆகவே ஒரு தரம் கழித்து எழுதினால் போதும். ஆனால் கழிக்கும்போது கிழமையும் பின்னால் போகும் என்பதை மறந்துவிடுவோம். திங்கள் அதிகாலை 2 மணி சேர்வருக்கு ஞாயிறு இரவு 8:30. கிரொனில் எழுத வேண்டியது 30 20 * * 0. கடைசி 0தான் ஞாயிறு.