பகடை தவறினால் என்ன நடக்கும்? விண்வெளி ஆர்.பி.ஜி.க்கு நான்கு விதிமுறைகள்

சூலூர்பேட்டை, தடா, ஆரம்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் மேசையில் ஒரு விண்வெளி ஆர்.பி.ஜி. (ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, கதை சொல்லி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம்) நடத்த நினைத்தால், கதைக்களத்துக்கு அலைய வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம், பழவேற்காடு ஏரி, எளாவூர் சோதனைச்சாவடி, வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசும் ஆட்கள் என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. திணறல் வருவது விதிமுறையைத் தேர்ந்தெடுக்கும்போதுதான். பெரும்பாலும் வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பதை வைத்தே இதைப் பேசி முடித்துவிடுகிறோம். அந்தச் சதவீதத்தை ஆட்டத்தை நடத்தும் ஜி.எம். நினைத்தால் நொடியில் கூட்டலாம், குறைக்கலாம். பகடை தவறும்போது ஆட்டக்காரர் கையிலிருந்து எது போகிறது என்பதை அப்படி மாற்ற முடியாது. அது விதிமுறையின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

ஒப்பிட ஒரே காட்சியை எடுத்துக்கொள்வோம். ஏரிக்கரை ஹேச்சரியிலிருந்து இறால் குஞ்சுகளைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு சரக்குக் கப்பல் சுற்றுப்பாதைப் பண்ணைக்குப் போகிறது. வழியில் தொட்டிக்குக் காற்று தரும் ஏரேட்டர் நின்றுவிடுகிறது. முன்னால் சோதனைச்சாவடி. இன்ஜினியர் அதைச் சரிசெய்ய வேண்டும்.

டிராவலர்: போவது நேரமும் பணமும்

மார்க் மில்லர் வடிவமைத்து 1977இல் ஜி.டி.டபிள்யூ. நிறுவனம் வெளியிட்டது. 2008 முதல் மங்கூஸ் நிறுவனத்தின் பதிப்புகள் வருகின்றன. இரண்டு ஆறு முகப் பகடைகளை உருட்டி, திறமைக்கான எண்ணைக் கூட்டி, 8 அல்லது அதற்கு மேல் எடுத்தால் காரியம் முடிந்தது. கூட்டல் எதுவும் இல்லாமல் வாய்ப்பு 41.7 சதவீதம். +1க்கு 58.3, +2க்கு 72.2, +3க்கு 83.3, +4க்கு 91.7. அந்தத் திறமையே இல்லாதவருக்கு −3, அதாவது 8.3 சதவீதம்.

நம் இன்ஜினியருக்கு மெக்கானிக் 1, கல்வி 9 (அது தருவது +1) என்றால் மொத்தம் +2. மங்கூஸின் இரண்டாம் பதிப்பில் நேரத்தையும் பேரம் பேசலாம். ஒரு படி நிதானமாகச் செய்தால் +2, அவசரமாகச் செய்தால் −2. பத்துப் பத்து நிமிடமாகக் கணக்கிடும் வேலையை மணிக்கணக்கில் செய்தால் 91.7 சதவீதம், சில நிமிடங்களில் முடிக்கப் பார்த்தால் 41.7. தொட்டியில் குஞ்சுகள் செத்துக்கொண்டிருக்கும்போது இதைவிடக் கூர்மையான கேள்வியை மேசையில் வைக்க முடியாது. பகடை தவறினால் யாரும் சாகப்போவதில்லை. சரக்கு போகும், கப்பல் கடனின் மாதத் தவணை தலைமேல் நிற்கும்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது. ஒவ்வொரு உலகத்துக்கும் சட்ட அளவு என்று ஓர் எண் உண்டு. இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையிலிருந்து 7ஐக் கழித்து அரசு வகை எண்ணைக் கூட்டினால் அது வரும். 1977 விதியில் அதிகாரிகளின் தொந்தரவிலிருந்து தப்ப, அந்த எண்ணையோ அதற்கு மேலோ உருட்ட வேண்டும். சட்ட அளவு 9 என்றால் தப்பும் வாய்ப்பு 27.8 சதவீதம்தான். சோதனைச்சாவடியை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது இந்த ஆட்டம். மற்ற மூன்றிலும் அதை ஜி.எம்.தான் கற்பனையில் கட்டியெழுப்ப வேண்டும். அதோடு, ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஒரு ஜம்ப்புக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், செய்தியும் கப்பலோடுதான் போகும். எல்லைக்கு அந்தப் பக்கம் கெடுபிடி கூடியது இந்தப் பக்கம் தெரிய ஒரு வாரமாவது ஆகும் என்றால், அதிலேயே பாதிக் கதை கிடைத்துவிடும்.

வரைபடம் போடும்போது சப்செக்டர் எனும் வரைபடப் பகுதி முழுவதையும் நிரப்பாதீர்கள். 8க்கு 10 கட்டத்தில் கட்டத்துக்குப் பாதி வாய்ப்பு என்றால் சுமார் நாற்பது உலகங்கள் வரும். அத்தனைக்கும் யாரும் போகப்போவதில்லை. 4க்கு 5 எடுத்தால் பத்து உலகங்கள் அளவில் நிற்கும். நடுவில் ஒரு கோடு கிழித்து இரண்டு அரசுகளாக்கி, கோட்டின் இருபுறமும் சட்ட அளவு வேறுபடும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு, ஒரு வேலைக்கு மூன்று உருட்டல் கேட்பது. பழுதைக் கண்டுபிடிக்க ஒன்று, உதிரிப்பாகம் செய்ய ஒன்று, பொருத்த ஒன்று. ஒவ்வொன்றும் 72.2 சதவீதம் என்றால் மூன்றும் சேர்ந்து தேறும் வாய்ப்பு 37.7தான். திறமையான இன்ஜினியர் கற்றுக்குட்டியாகத் தெரிவார். ஒரு வேலைக்கு ஓர் உருட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல் +4ஐத் தாண்டினால் உருட்டவே விடாமல் வெற்றி என்று அறிவித்துவிடலாம்.

மதர்ஷிப்: போவது நிதானம்

2018இல் ஷான் மெக்காய் எழுதி டியூஸ்டே நைட் கேம்ஸ் கொண்டுவந்த திகில் ஆட்டம். இங்கே சொல்வது அதற்குப் பின் வந்த முதல் பதிப்பின் (1e) விதி. 00 முதல் 99 வரை (டி100) உருட்டி, தாளில் இருக்கும் எண்ணுக்குக் கீழே வர வேண்டும். 90 அல்லது அதற்கு மேல் வந்தால் எப்போதுமே தோல்விதான். திறன் எண் 2டி10+25 (பத்து முகப் பகடை இரண்டின் கூட்டுத்தொகையோடு 25), சராசரி 36. டீம்ஸ்டர் என்ற கதாபாத்திர வகைக்கு எல்லாத் திறனிலும் 5 கூடும். நம் இன்ஜினியர் டீம்ஸ்டர், எக்ஸ்பர்ட் நிலையில் (+15) மெக்கானிக்கல் ரிப்பேர் வைத்திருக்கிறார் என்றால் 36+5+15, ஆக 56 சதவீதம்.

தவறினால் ஸ்ட்ரெஸ் (மன அழுத்த எண்) ஒன்று ஏறும். தொடக்கத்தில் அது 2. பானிக் (பீதி) சோதனை வரும்போது டி20 (இருபது முகப் பகடை) உருட்டி, ஸ்ட்ரெஸ்ஸுக்கு மேல் எடுக்க வேண்டும். ஸ்ட்ரெஸ் 2 என்றால் பானிக் வாய்ப்பு 10 சதவீதம், 8 என்றால் 40. தோல்வியில் 66, 77 போன்ற இரட்டை எண் விழுந்தால் பானிக் சோதனை உடனே வந்துவிடும்.

இதில் ஆட்டம் கெடுவது அளவுக்கு மீறி உருட்டுவதால்தான். பயிற்சி இல்லாத சராசரி ஆள் நூற்றுக்கு 64 தடவை தோற்பார். அவரைப் பத்து முறை உருட்டச் சொன்னால் ஆறு ஸ்ட்ரெஸ் ஏறி எட்டில் நிற்கும், இரவு பாதியாகும் முன்பே கப்பலில் எல்லோரும் அலறிக்கொண்டிருப்பார்கள். மூன்று மணி நேர ஆட்டத்துக்கு ஆளுக்கு ஐந்தாறு உருட்டல் தாராளம். கையில் கருவியும் நேரமும் இருந்தால் ஏரேட்டர் உருட்டாமலே சரியாகட்டும். தொட்டிக்குள் இறாலைத் தவிர வேறு ஏதோ அசைகிறது என்ற பிறகு பகடையை எடுக்கச் சொல்லுங்கள். அப்போது இந்த ஆட்டத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

ஏலியன்: வெற்றிக்கே விலை

ஃப்ரீ லீக் நிறுவனம் 2019இல் வெளியிட்டது. கணக்கு முதல் பதிப்பின்படி. திறனும் பயிற்சியும் சேர்ந்த எண்ணிக்கையில் ஆறு முகப் பகடைகளை உருட்ட வேண்டும். ஒரு 6 விழுந்தால் போதும். ஐந்து பகடைக்கு 59.8 சதவீதம். தோற்றால் 6 விழாத பகடைகளை மீண்டும் உருட்டலாம். அதற்கு விலையாக ஸ்ட்ரெஸ் ஒன்று கூடும். ஒவ்வொரு ஸ்ட்ரெஸ்ஸும் கூடுதலாக ஒரு பகடை. அதனால் ஸ்ட்ரெஸ் 3 இருக்கும்போது எட்டுப் பகடை, வெற்றி 76.7 சதவீதம். ஆனால் ஸ்ட்ரெஸ் பகடைகளில் ஏதாவது ஒன்றில் 1 விழும் வாய்ப்பு 42.1, விழுந்தால் பானிக் உருட்டல். ஒரு பகடையோடு ஸ்ட்ரெஸ்ஸைக் கூட்டி 7 அல்லது மேலே போனால்தான் விளைவு. இங்கே அது பாதிக்குப் பாதி. அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு உருட்டல் நிஜமாகவே கைமீறும்.

பயம் ஆளைக் கூர்மையாக்குகிறது, அதுவே உடைக்கிறது. இரண்டையும் ஒரே பகடையில் கொண்டுவந்த இந்தக் கணக்கு நான்கிலும் அழகானது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. குறை என்னவென்றால், எந்தக் காட்சியையும் இது உச்சகட்டமாக்கிவிடும். இறால் விலை பேசும் இடத்திலும் ஒருவர் பானிக் ஆகலாம். அத்தகைய இடங்களில் உருட்டக் கூடாது. ஸ்ட்ரெஸ் பகடைகளுக்கு வேறு நிறம் கட்டாயம் வேண்டும். லூடோ பகடைகளில் மார்க்கரால் சிவப்புப் பூசினால் ஆயிற்று.

24எக்ஸ்எக்ஸ்: ஜி.எம். சொன்னது போகும்

ஜேசன் டொச்சியின் சிறு விதிமுறை. பயிற்சி இல்லை என்றால் டி6, திறமை ஏற ஏற டி8, டி10, டி12. 1, 2 விழுந்தால் பேரிடர். 3, 4 என்றால் பாதி பலன். 5 அல்லது அதற்கு மேல் வெற்றி. டி6இல் வெற்றி 33.3 சதவீதம், டி12இல் 66.7. உருட்டும் முன்பே எது பணயம் என்று ஜி.எம். சொல்லிவிட வேண்டும். “தவறினால் பாதித் தொட்டி செத்துவிடும், சரியா?” அதைச் சொல்லத் தயங்கும் ஜி.எம்.மிடம் இந்த ஆட்டம் உப்புச்சப்பில்லாமல் போகும். பல மாதம் ஓடும் தொடருக்கு இதில் தீனி போதாது. ஆனால் விதிகள் சி.சி. பி.ஒய். உரிமத்தில் இருப்பதால், எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டுத் தமிழில் பெயர்க்கலாம், மாற்றலாம், விற்கலாம். தமிழில் சொந்தமாக ஒரு விண்வெளி ஆட்டம் எழுத நினைப்பவர் இங்கிருந்து தொடங்குவதே நல்லது.

கலக்கலாமா?

டிராவலரில் பானிக் விதியைச் சேர்க்கும் ஆசை பலருக்கு வரும். பெரும்பாலும் எடுபடாது. ஒவ்வொரு ஜம்ப்பிலும் கப்பலுக்குள் ஒரு வாரம் ஓய்வு கிடைத்துவிடுவதால் ஸ்ட்ரெஸ் சேரவே சேராது. சேர்த்தே தீர வேண்டுமென்றால், துறைமுகத்தில் இறங்கிச் சம்பளம் செலவழித்தால் மட்டுமே ஸ்ட்ரெஸ் குறையும் என்று வையுங்கள். மதர்ஷிப்பில் வணிகத்தைத் திணிப்பதும் வீண். கடன் உறைக்கும் முன்பே ஆள் செத்துவிடுவார்.

மேசையில் வைக்கும் பொருள்

டிராவலருக்கும் ஏலியனுக்கும் ஆறு முகப் பகடை போதும், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். டி10, டி20க்கு ஆன்லைனில் சொல்ல வேண்டும். வரும்வரை சீட்டுக்கட்டு கைகொடுக்கும். ஹார்ட்டின் ஏஸ் முதல் பத்து வரை, ஸ்பேடிலும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். டி100க்கு ஹார்ட்டில் ஒன்று பத்தாம் இடம், ஸ்பேடில் ஒன்று ஒன்றாம் இடம். பத்துச் சீட்டை 0 என்று வாசிக்க வேண்டும். டி20க்கு இருபதையும் சேர்த்து ஒன்றை எடுத்து, ஸ்பேட் வந்தால் 10 கூட்டுங்கள்; இங்கே பத்துச் சீட்டு பத்தாகவே இருக்கட்டும். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுக் கலைக்காவிட்டால் கணக்கு சாய்ந்துவிடும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கு வழியில் படித்தவர்களில் தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் திணறுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் மேசைக்கு மதர்ஷிப் தாள் வசதி: எட்ட வேண்டிய எண் தாளிலேயே இருக்கிறது, கூட்டலும் மிகக் குறைவு. டிராவலரின் நீண்ட திறமைப் பட்டியலை அப்படியே கொடுக்காமல், அந்தக் கதாபாத்திரத்துக்கு உள்ள திறமைகளை மட்டும் இரு எழுத்திலும் எழுதி, கூட்டி முடித்த எண்ணைப் பக்கத்தில் போட்டுக் கொடுங்கள்.

இறால் கப்பலைப் பல மாதம் ஓட்டுவதானால் எங்கள் தேர்வு டிராவலர். ஒரே இரவு, நான்கு பேர் என்றால் மதர்ஷிப். ஏலியனை எடுப்பவர்கள் வணிகப் பகுதியை முழுவதுமாக வெட்டிவிட்டு, ஏரேட்டர் நின்ற நொடியிலிருந்தே ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்.