ஒபிசிட்டி ரத்த டெஸ்ட் பேக்கேஜ், காரைக்குடி: ரத்தம் எடுத்த பொண்ணுக்கு 5 ஸ்டார், ரிப்போர்ட்டுக்கு 2

உடம்பு கூடுதலா இருக்கிறவங்களுக்குன்னே காரைக்குடியில ஒரு லேப் பேக்கேஜ் போட்டிருக்காங்க, எங்க அக்காவுக்கு (வயசு 46) எடுத்தோம். லேப் பேரு வேணாம், வேற லேப்லயும் இதே குறை இருக்கலாம், எடுக்கப்போறவங்க எதைப் பாக்கணும்னுதான் எழுதுறேன்.

நல்லதை முதல்ல சொல்லிடுறேன். விடியக்காலையே கானாடுகாத்தானுக்கு வீட்டுக்கே வந்துட்டாங்க. கை பருமனா இருந்தா நரம்பு லேசுல கிடைக்காது, சில இடத்துல நாலஞ்சு தடவ குத்திட்டு "உடம்பைக் குறைங்க"ன்னு பேச்சு வேற, அதுக்குப் பயந்தே அக்கா டெஸ்ட்டைத் தள்ளிக்கிட்டே வந்துச்சு. இந்தப் பொண்ணு "தண்ணி குடிக்கலாம்க்கா, நல்லா குடிங்க"ன்னு சொல்லி, கையைக் கொஞ்ச நேரம் தொங்கப் போடச் சொல்லி, விரலால தடவிப் பாத்து ஒரே குத்துல எடுத்துருச்சு. சுகருக்கு சாம்பல் கலர் மூடி டியூப் தனியா வச்சிருந்துச்சு, அது ரொம்ப முக்கியம், சாதா டியூப்ல ரத்தம் கிடந்தா ரத்த செல்லே சுகரைத் தின்னுக்கிட்டு இருக்கும், ரிசல்ட் குறைச்சலா வரும்.

ரிப்போர்ட் அன்னிக்கு சாயங்காலமே வாட்ஸ்அப்ல வந்துருச்சு, பக்கம் பக்கமா. மொத்த கொலஸ்ட்ரால் 186, பச்சை, அதாவது நார்மல். ஹெச்டிஎல்ங்கிற நல்ல கொலஸ்ட்ரால் 43, அதுவும் பச்சை. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு இங்கதான் ஆத்திரம் வந்துச்சு. நல்ல கொலஸ்ட்ரால் 40 இருந்தா போதும்ங்கிறது ஆம்பளைங்க கணக்கு, பொம்பளைங்களுக்கு 50 வேணும். ரிப்போர்ட் மேலயே பெண்ணுன்னு போட்டுட்டு ஆம்பள அளவை அச்சடிச்சா என்ன அர்த்தம்?

ட்ரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பு 178, வெறும் வயித்து சுகர் 104, ரெண்டும் "லேசான கூடுதல்"னு ஆளுக்கொரு பக்கத்துல தனித்தனியா கிடக்குது. இதையெல்லாம் சேத்துப் பாக்கணும்ங்க. இடுப்பளவு பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆம்பளைங்களுக்கு 90, பிரஷர் 130/85, ட்ரைகிளிசரைடு 150, சுகர் 100, அப்புறம் கம்மியான ஹெச்டிஎல், இந்த அஞ்சுல மூணு மாட்டுனாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் வழி விடுற நிலை. அக்காவுக்கு நாலு இருக்கு. ஒபிசிட்டி பேக்கேஜ்னு பேரு வச்சுட்டு ஒரு இஞ்ச் டேப் கொண்டு வரல, பிரஷர் பாக்கல, நாங்களே வீட்டுத் தையல் டேப்பை வச்சு அளந்தோம்.

இன்சுலின் பேக்கேஜ்ல கிடையாது, தனிக் காசு. ஆனா அதுதான் நிறைய சொல்லுச்சு. 19 வந்துச்சு. சுகரையும் வெறும் வயித்து இன்சுலினையும் பெருக்கி 405ஆல வகுத்தா ஹோமா ஐஆர், அதாவது இன்சுலினுக்கு உடம்பு எவ்வளவு மசிய மாட்டேங்குதுங்கிற கணக்கு, அக்காவுக்கு 4.9 கிட்ட. எல்லாருக்கும் ஒரே அளவுன்னு இதுல கிடையாது, ஆனா 2.5 தாண்டுனாலே நிறைய டாக்டருங்க கவனிக்கிறாங்க. சர்க்கரையை இந்த அளவுல பிடிச்சு வைக்கவே கணையம் எவ்வளவு மல்லுக்கட்டுதுன்னு சுகரை மட்டும் பாத்தா தெரியாது. லேபுக்கு லேப் இன்சுலின் மிஷின் வித்தியாசப்படும், அதனால திருப்பி எடுத்தாலும் அதே லேப்ல எடுங்க.

மூணு மாச சுகர் (ஹெச்பிஏ1சி) 5.9. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் சர்க்கரைக்கு முந்தின நிலை. ஆனா அக்காவுக்கு ஹீமோகுளோபின் 10.1தான், இரும்புச்சத்துக் குறைவு இருந்தா இந்த டெஸ்ட் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், அதை டாக்டர்தான் பிரிச்சுப் பாக்கணும். ரிப்போர்ட்ல ரெண்டும் இருக்கு, சேத்து ஒரு வரி இல்ல.

லிவருக்கும் இதே கதை. லிவர் என்சைம் ஏஎஸ்டி 34, ஏஎல்டி 41, பிளேட்லெட் 2.6 லட்சம், வயசு, எல்லாம் கையில இருக்கு, ஃபிப் 4 கணக்குப் போட்டா 0.94 வருது, 1.3க்குக் கீழ இருக்கிறதால லிவர்ல தழும்பு விழுந்திருக்க வாய்ப்பு கம்மி. அக்காவுக்கு நிம்மதி தர்ற ஒரே நம்பர் அதுதான், அதை அவங்க போடவே இல்ல. அமிலேஸ், லிபேஸ், வைட்டமின்னு எண்ணிக்கையைக் கூட்டத்தான் இடம் இருந்திருக்கு.

டாக்டர் போன் கன்சல்டேஷன் ஃப்ரீன்னாங்க, "எடையைக் குறைங்கம்மா"ன்னு வச்சுட்டாரு.

எடுக்கிறவங்க ஒண்ணு கவனிங்க, கல்யாண வீடு, படைப்பு விருந்துன்னு கந்தரப்பமும் கவுனி அரிசியும் சாப்பிட்ட மறுநாள் போகாதீங்க, ட்ரைகிளிசரைடு ஏறிக் காட்டும். சளி காய்ச்சல் இருக்கப்போ ஹெச்எஸ் சிஆர்பி (உடம்புல அழற்சி இருக்கான்னு பாக்குற டெஸ்ட்) எடுக்கிறது காசுக்குக் கேடு. பேக்கேஜே வேணாம், வெறும் வயித்து சுகர், இன்சுலின், மூணு மாச சுகர், லிப்பிட் (கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு), லிவர், ரத்த அணு கவுண்ட் இதை மட்டும் தனித்தனியா கேளுங்க, எங்களுக்கு விசாரிச்சப்போ பேக்கேஜை விட கம்மியாத்தான் வந்துச்சு. மூணு மாசம் கழிச்சு அக்காவுக்கு இதையேதான் எடுக்கப்போறோம், அதே பொண்ணை அனுப்பச் சொல்லி இப்பவே சொல்லி வச்சாச்சு.