குவார்ட்ஸ் கல்லா, உமிச் சாம்பலா: சிலிக்கானுக்கு எது மலிவு?

குவார்ட்ஸ் கல்லை நிலக்கரியுடன் மின்வில் உலையில் ஏறக்குறைய 2000 டிகிரி செல்சியஸில் ஒடுக்கும் (அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கும்) பழைய முறையில், ஒரு கிலோ சிலிக்கானுக்கு 11 முதல் 13 யூனிட் மின்சாரம் செலவாகிறது. சென்னையை அடுத்த செங்குன்றத்து அரிசி ஆலைகளில் குவியும் உமியை அமிலத்தில் கழுவி எரித்தால் கிடைக்கும் வெண்சாம்பல் பெரும்பாலும் சிலிக்காவே (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) என்பதால், மெக்னீசியத் தூளுடன் கலந்து, காற்றுப் புகாத கலனில் 650 டிகிரி அளவிலேயே அதைச் சிலிக்கானாக்கிவிடலாம்.

பார்வைக்கு இது மலிவுதான். ஆனால் ஒரு கிலோ சிலிக்கானுக்கு வேதிக் கணக்குப்படியே 1.73 கிலோ மெக்னீசியம் வேண்டும். அந்த உலோகத்தைப் பிரித்தெடுக்கவே ஆற்றல் ஏராளமாகச் செலவாகும் என்பதை உமிக்குப் பரிந்து பேசுவோர் ஏனோ சொல்வதில்லை. உடன் உருவாகும் மெக்னீசியம் ஆக்சைடை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து நீக்கியபின் எஞ்சும் பழுப்புத் தூள், நுண்துளைகள் நிறைந்திருப்பதால், லித்தியம் மின்கல ஆய்வுகளுக்கு ஏற்றது. டன் கணக்கில் வேண்டுமானால் மின்வில் உலையே மலிவு.